மதிப்பெண் போதாது, விடைத்தாளும் வேண்டும்

தமிழ் மொழி மாதிரிகளை உருவாக்குவோருக்கும், அவற்றுக்குத் தர அறிக்கை எழுதுவோருக்கும்,



புதிய மொழி மாதிரி ஒன்று வெளிவந்தால் கூடவே ஓர் அட்டவணையும் வந்துவிடுகிறது. இடப்பக்கம் மாதிரிகளின் பெயர்கள், மேல்வரிசையில் தேர்வுகளின் பெயர்கள், கட்டங்களுக்குள் தசமப் புள்ளி வைத்த எண்கள். எந்த எண் பெரிதோ அதற்குத் தடித்த எழுத்து. 71.3 வாங்கியது தடித்திருக்கும், 70.8 வாங்கியது மெலிந்திருக்கும். அந்த அரைப் புள்ளி திறமையால் வந்ததா, கேள்விகள் அமைந்த யோகத்தால் வந்ததா என்று அட்டவணை சொல்வதில்லை. பல சமயம் அதை வெளியிட்டவர்களும் சோதித்துப் பார்த்திருப்பதில்லை. இந்த மடல் அந்த அரைப் புள்ளியைப் பற்றியது.

பேச்சு, நிலையான கேள்வித்தொகுப்பில் மாதிரியைச் சோதிக்கும் ஆஃப்லைன் மதிப்பீட்டைப் பற்றி மட்டும்தான். பாதிப் பயனர்களுக்குப் பழைய மாதிரி, மீதிப் பேருக்குப் புதியது என்று பிரித்து விட்டு, யார் திருப்தியாக இருக்கிறார்கள் என்று பார்ப்பது வேறு வகை. அதற்கு லட்சக்கணக்கில் பயனர்கள் வேண்டும். தமிழில் வேலை செய்யும் சிறு குழுக்களிடம் இருப்பது ஒரு கேள்வித்தொகுப்பு, வாடகைக்கு எடுத்த ஒரு ஜிபியு, அறிக்கை அனுப்ப வேண்டிய கெடு. அந்த வசதிக்குள்ளேயே ஒழுங்காகச் செய்யக்கூடிய கணக்குகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மொழியைக் கணிப்பதை எண்ணால் அளக்கும் பழக்கம் கணினிக்கும் மூத்தது. 1913இல் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கொவ், புஷ்கினின் 'எவ்கேனி ஒனேகின்' நூலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிர் எத்தனை, மெய் எத்தனை, எதற்குப் பின் எது வருகிறது என்று கையால் எண்ணினார். 8,638 உயிர், 11,362 மெய். 1951இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன், ஆங்கிலப் பத்தி ஒன்றில் அடுத்து வரும் எழுத்தை ஆள் எத்தனையாவது ஊகத்தில் சரியாகச் சொல்கிறார் என்று எண்ணி, மொழியின் கணிக்க முடியாத பங்கை அளக்கும் முறையை வெளியிட்டார். நீண்ட முன்னுரை கொடுத்தால் ஓர் ஆங்கில எழுத்துக்கு 0.6 முதல் 1.3 பிட் வரை என்பது அவர் கண்ட விடை. அவர் ஒற்றை எண்ணோடு நிற்கவில்லை. கீழ்வரம்பு ஒன்று, மேல்வரம்பு ஒன்று என இரண்டையும் எழுதி வைத்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு வரும் அட்டவணைகளில் அந்த இரண்டாவது எண்ணைக் காணோம்.

பெர்ப்ளெக்ஸிட்டி என்ற அளவுகோலும் பழசுதான். 1977இல் ஐபிஎம்மின் பேச்சு உணர்தல் குழு கொண்டுவந்தது. அது 20 என்றால், ஒவ்வொரு இடத்திலும் சம வாய்ப்புள்ள 20 சொற்களில் எதைப் போடுவது என்று திகைப்பதற்குச் சமமான தடுமாற்றம் என்று பொருள். குறைந்தால் நல்லது. ஆனால் தமிழுக்கு இதை அப்படியே பயன்படுத்தினால் சறுக்கும். 'தேர்வு' என்ற சொல்லைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஆறு குறிகள். யுடிஎஃப்-8இல் 18 பைட். மாதிரிக்காக உரையைத் துண்டாக்கும் டோக்கனைசர்களில் ஒன்று அதை இரண்டு துண்டாக வெட்டலாம், இன்னொன்று ஆறு துண்டாகச் சிதைக்கலாம். துண்டு சிறுத்தால் ஒவ்வொரு துண்டையும் ஊகிப்பது எளிது. பெர்ப்ளெக்ஸிட்டி தானாகவே இறங்கிவிடும். மாதிரிக்குத் தமிழ் கூடுதலாகத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. வெவ்வேறு டோக்கனைசர் கொண்ட இரண்டு மாதிரிகளை ஒப்பிட வேண்டுமானால், முழு உரைக்கும் மாதிரி கொடுத்த நிகழ்தகவின் மடக்கையைக் கூட்டி, உரையின் எழுத்து எண்ணிக்கையால் வகுங்கள். அந்த எழுத்து எண்ணிக்கை இரு மாதிரிகளுக்கும் ஒன்றே. இதைச் செய்யாத பெர்ப்ளெக்ஸிட்டி ஒப்பீட்டைப் படிக்காமலே கடந்து போகலாம்.

இனி கேள்வி-பதில் தேர்வுகளுக்கு வருவோம். தமிழும் இடம்பெற்ற, பலரும் பயன்படுத்துகிற ஒரு தொகுப்பையே எடுத்துக்கொள்வோம்: மெட்டா நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட பெலெபெலே. 122 மொழி வடிவங்கள். ஒவ்வொன்றிலும் 900 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள், அவற்றில் ஒன்று சரி. சிறு பத்தி ஒன்றைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சுமார் 225 கேள்விகள் தேறிவிடும்.

ஒரு மாதிரி இதில் 630 கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதம். இந்த 900 கேள்விகள், கேட்டிருக்கக்கூடிய எண்ணற்ற கேள்விகளிலிருந்து எடுத்த ஒரு கூறு. வேறு 900 வந்திருந்தால் மதிப்பெண் கொஞ்சம் மாறியிருக்கும். எவ்வளவு மாறும் என்பதற்குக் கல்லூரிப் புள்ளியியல் போதும்: 0.7ஐ 0.3ஆல் பெருக்கி, 900ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 1.5 சதவீதப் புள்ளி. அதுதான் திட்டப் பிழை. 95 சதவீத நம்பிக்கைக்கு ஏறத்தாழ அதன் இரு மடங்கு. ஆக, அந்த 70 என்பது 67க்கும் 73க்கும் இடையில் எங்கோ. 71.3க்கும் 70.8க்கும் இடையிலான அரைப் புள்ளி இந்த இடைவெளிக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். சிறிய தேர்வுகளில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கப் பள்ளிக் கணிதப் போட்டியான ஏஐஎம்இயின் ஓர் ஆண்டுக் கேள்விகள் மொத்தம் 30. ஒரு கேள்வி சரியானாலே மதிப்பெண் 3.3 ஏறும். 20 சரி என்றால் பிழை வரம்பு இரு பக்கமும் 17 புள்ளி. அதிலும் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம் போட்டு அட்டவணை வருகிறது.

'அப்படியானால் 900 கேள்வியை வைத்து இரண்டு மாதிரிகளை ஒப்பிடவே முடியாதா?' என்று கேட்கத் தோன்றும். முடியும். அதற்கு மதிப்பெண் மட்டும் போதாது. இங்கேதான் விடைத்தாள் வேண்டியிருக்கிறது.

முதல் மாதிரி 630, இரண்டாவது மாதிரி 648. வித்தியாசம் 18 கேள்வி, இரண்டு சதவீதப் புள்ளி. தனித்தனி மதிப்பெண்களாகப் பார்த்தால் இதில் எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டும் எழுதியது ஒரே வினாத்தாளை. இரண்டும் சரியாகச் சொன்ன கேள்விகளும், இரண்டும் கோட்டைவிட்ட கேள்விகளும் எது மேல் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, தள்ளி வையுங்கள். ஒன்று சரியாகவும் மற்றது தவறாகவும் சொன்னவற்றை மட்டும் பொறுக்குங்கள். அவை 200 இருந்தன என்று கொள்வோம்: முதலாவது வென்றவை 91, இரண்டாவது வென்றவை 109. இரண்டு மாதிரிகளுக்கும் திறமை சமம் என்றாலும்கூட, இப்படி ஒரு பிளவு அல்லது இதைவிடப் பெரிய பிளவு தற்செயலாக வர நூற்றுக்கு இருபதுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. கொண்டாட ஒன்றுமில்லை. இப்போது வேறொரு நிலைமை: முரண்பட்டவை 50தான், 16க்கு 34. மதிப்பெண்கள் மாறவில்லை, அதே 630, அதே 648. ஆனால் இந்தப் பிளவு தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழ். இரண்டாவது மாதிரி மேல் என்று தயங்காமல் எழுதலாம்.

இதைத்தான் உளவியலாளர் குவின் மெக்நெமர் 1947இல் எழுதி வைத்தார். பைத்தானில் ஒரே வரியில் முடிகிற கணக்கு. ஒரே மதிப்பெண் ஜோடி, இரண்டு நேரெதிர் முடிவுகள். எது உண்மை என்று அட்டவணையைப் பார்த்து உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கேள்விவாரியான பதில்கள் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் பல அறிக்கைகளோடு அந்தக் கோப்பு வருவதில்லை. மறுகூட்டலும் மறுமதிப்பீடும் விடைத்தாள் நகலும் கேட்டு வாங்கிப் பழகிய ஊர் இது. பிளஸ் டூ பிள்ளைக்குக் கிடைக்கும் உரிமை, ஒரு மாதிரியை நம்பித் தன் செயலியில் பொருத்தப் போகிறவருக்கும் கிடைக்க வேண்டாமா?

பெலெபெலேயில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேள்விகள் 900, ஆனால் பத்திகள் 488தான். ஒரு பத்திக்கு ஒரு கேள்வி, இல்லையென்றால் இரண்டு. கணக்குப் போட்டால் 412 பத்திகளுக்கு இரண்டிரண்டு, 76க்கு ஒவ்வொன்று. பத்தி புரியாத மாதிரி இரண்டு கேள்வியிலும் சறுக்க வாய்ப்பு அதிகம். ஆகவே 900ஐ 900 தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது தப்புக் கணக்கு. ஒரே பத்தியின் இரு கேள்விகளுக்கு இடையே ஒட்டுறவு 0.3 என்று கொண்டால், மேலே சொன்ன 3 புள்ளிப் பிழை வரம்பு 3.4 ஆக வீங்கும். இங்கே வீக்கம் சின்னது. ஒரு நீண்ட கட்டுரையிலிருந்து பத்துக் கேள்வி எடுக்கும் தேர்வுகளில் அது பெரிதாகிவிடும். 2024இல் ஈவன் மில்லர் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து, சில பிரபலத் தேர்வுகளில் உண்மையான திட்டப் பிழை வழக்கமான கணக்கைப் போல் மும்மடங்குக்கும் மேல் போவதைக் காட்டினார்.

சூத்திரம் பிடிக்காதவர்களுக்குப் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் 1979இலேயே வழி கொடுத்துவிட்டார். பூட்ஸ்ட்ராப். 488 பத்திகளிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போட்டுப் போட்டு, மறுபடி 488 பத்திகளை எடுங்கள். சில இரண்டு முறை வரும், சில வராமலே போகும். அந்தத் தொகுப்பில் இரண்டு மாதிரிகளின் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். இதைப் பத்தாயிரம் முறை செய்யுங்கள். கணினிக்கு அது சில நொடி வேலை, மாதிரியை மறுபடி ஓட்டத் தேவையில்லை. கிடைத்த பத்தாயிரம் வித்தியாசங்களில் கீழே இரண்டரை சதவீதத்தையும் மேலே இரண்டரை சதவீதத்தையும் வெட்டினால் மிச்சம் இருப்பது நம்பிக்கை இடைவெளி. அதற்குள் பூச்சியம் இருந்தால் அடக்கி வாசிக்க வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்புத் துறையில் ஃபிலிப் கோன் 2004இலேயே மொழிபெயர்ப்புத் தரத்தை அளக்கும் ப்ளூ மதிப்பெண்ணுக்கு இந்த முறையைப் பொருத்திக் காட்டினார். அப்படியும் என்ன நடந்தது? 2010 முதல் 2020 வரை வந்த 769 மொழிபெயர்ப்பு ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னர் சிலர் அலசியபோது, இந்தச் சோதனைகளைச் செய்யும் வழக்கம் காலப்போக்கில் தேய்ந்து வந்தது தெரிந்தது. கணினி வேகமானது, கணக்கு குறைந்தது!

தேர்வு தொடங்கும் முன்பே போட வேண்டிய கணக்கும் ஒன்று உண்டு. இரண்டு மாதிரிகள் நூற்றுக்கு 15 கேள்விகளில் முரண்படும் என்று கொள்வோம். இரண்டு புள்ளி முன்னேற்றம் உண்மையிலேயே இருந்தால், அதை ஐந்தில் நான்கு முறையாவது கண்டுபிடிக்க ஏறக்குறைய 3,000 கேள்விகள் வேண்டும். 900 கேள்வியில் பிடிபடக்கூடியது சுமார் மூன்றரைப் புள்ளிக்கு மேற்பட்ட முன்னேற்றம்தான். ஆகவே ஒவ்வொரு வாரமும் அரைப் புள்ளி, முக்கால் புள்ளி என்று பயிற்சித் தரவை மாற்றி மாற்றிச் சோதித்து, 'இது உதவியது, அது உதவவில்லை' என்று முடிவு கட்டும் குழு, மீன் பிடிக்கத் தோதில்லாத வலையை வீசிக்கொண்டிருக்கிறது. கூடவே இன்னொரு ஆபத்து. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது மாற்றங்களைச் சோதித்து, ஒன்றுமே உண்மையில் வேலை செய்யாவிட்டாலும், வழக்கமான ஐந்து சதவீத வரம்பின்படி ஒன்றாவது 'வெற்றி' காட்ட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றைத் தேர்ந்து அறிக்கையில் போட்டுவிட்டு மற்ற பத்தொன்பதைப் பற்றி மூச்சு விடாமல் இருப்பது மோசடி என்று சொன்னால் கடுமையாகத் தெரியலாம். ஆனால் படிப்பவர் ஏமாறுவது ஏமாறுவதுதான். எத்தனை மாற்றங்களைச் சோதித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். தேர்ந்தெடுக்க ஒரு தொகுப்பு, அறிக்கையில் போட இன்னொரு தொகுப்பு என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

புள்ளியியல் பிழை வரம்புக்குள் அடங்காத தவறுகளும் இருக்கின்றன. 2023இல், மாதிரிகளைத் தரவரிசைப்படுத்தும் ஹக்கிங் ஃபேஸ் லீடர்போர்டில் ஒரு குழப்பம் எழுந்தது. 6,500 கோடி அளவுருக்கள் கொண்ட லாமா மாதிரிக்கு, எம்எம்எல்யு என்ற ஒரே தேர்வில், ஒரு மென்பொருள் 63.7 போட்டது, இன்னொன்று 48.8 போட்டது. அந்தத் தேர்வில் 14,000க்கும் மேற்பட்ட கேள்விகள்; திட்டப் பிழை அரைப் புள்ளிகூட இல்லை. பதினைந்து புள்ளி எங்கிருந்து வந்தது? ஒன்று, விடைக்குரிய ஏ, பி, சி, டி எழுத்தில் மாதிரி எதைச் சொல்கிறது என்று பார்த்தது; மற்றது, விடையின் முழு வாசகத்துக்கு மாதிரி கொடுக்கும் நிகழ்தகவைப் பார்த்தது. மாதிரிக்குக் கேள்வியைக் கொடுக்கும் வாசகமான ப்ராம்ப்ட்டின் சிறு சிறு வார்ப்பு வித்தியாசங்களும் சேர்ந்துகொண்டன. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த ப்ராம்ப்ட் என்று சொல்லாத மதிப்பெண், எந்த போர்டு தேர்வு என்று சொல்லாத மதிப்பெண்ணைப் போன்றது. விடைக்குறிப்பும் எப்போதும் சரியாக இருப்பதில்லை: இதே தேர்வின் வைராலஜிப் பகுதியில் ஆய்வாளர்கள் 2024இல் எடுத்துப் பார்த்த கேள்விகளில் 57 சதவீதத்தில் ஏதோ ஒரு பிழை இருந்தது.

கட்டுரை, சுருக்கம், உரையாடல் போன்றவற்றுக்கு நான்கில் ஒன்று என்ற வசதி கிடையாது. அதனால் இப்போது இன்னொரு பெரிய மாதிரியையே நடுவராக உட்கார வைக்கிறார்கள். இரண்டு பதில்களைக் கொடுத்தால், முதலில் வைத்ததற்கே சாயும் பழக்கம் இந்த நடுவர்களுக்கு உண்டு என்பது 2023இல் எம்டி-பெஞ்ச் என்ற உரையாடல் தேர்வு வந்தபோதே பதிவானது. வரிசையை மாற்றி இரண்டு முறை கேட்பது குறைந்தபட்ச ஒழுங்கு. நடுவருக்குத் தமிழ் தெரியுமா என்பது அதைவிட அடிப்படையான கேள்வி. அதற்கு ஆட்கள் மதிப்பிட்ட தீர்ப்புகளோடு ஒப்பிட வேண்டும்; அங்கேயும் வெறும் சதவீதம் ஏமாற்றும். ஆளும் மாதிரியும் தனித்தனியே நூற்றுக்குத் தொண்ணூறு பதில்களை 'நன்று' என்கிறார்கள், 85 சதவீதத்தில் ஒத்துப்போகிறார்கள் என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதிலைப் படிக்காமல் தொண்ணூறு சதவீதம் 'நன்று' போட்டாலே 82 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்துப் பார்க்க ஜேக்கப் கோகென் 1960இல் கொடுத்த காப்பா அளவை இங்கே வெறும் 0.17தான்.

இரண்டு பேரைத் தனித்தனியே எண்ணவிடும் யோசனைக்கு இந்தியாவிலேயே நல்ல பரம்பரை உண்டு. வங்காளத்தின் சணல் சாகுபடிக் கணக்கெடுப்பில், ஒரே பகுதியில் ஊடுபாவாக இரண்டு கூறுகளை எடுத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குழுக்களிடம் கொடுத்தார் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ். இரண்டு விடைகளும் விலகிய அளவே பிழையின் அளவு. தமிழ்ப் பதில்களை மதிப்பிட இரண்டு ஆசிரியர்களை வைத்து ஒரு இருநூறு பதில்களை இருவருக்கும் பொதுவாகக் கொடுப்பது அதே வேலைதான், செலவும் பெரிதல்ல.

கடைசியாக, எந்தச் சூத்திரமும் தீர்த்துவைக்காத ஒன்று. பெலெபெலேயின் பத்திகள் ஆங்கில விக்கி தளங்களிலிருந்து எடுத்து மொழிபெயர்க்கப்பட்டவை. கேள்விகளும் ஆங்கிலத்தில் எழுதி மாற்றப்பட்டவை. மூலம் இணையத்தில் கிடக்கிறது. பயிற்சித் தரவில் புகுந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதோடு, 67 முதல் 73 வரை என்று எழுதும்போது அந்த இடைவெளி பேசுவது அத்தகைய மொழிபெயர்ப்புத் தமிழின் கேள்விகளைப் பற்றி மட்டுமே. மதுரைக்காரர் வாட்ஸ்அப்பில் தட்டுகிற தமிழோ, யாழ்ப்பாணத்துப் பேச்சோ, தாலுகா அலுவலக மனுவின் தமிழோ அந்த 900 கேள்விகளில் இல்லை. அவற்றுக்கு நீங்களே கேள்வி எழுத வேண்டும். எழுதும்போது ஊர், வயது, எழுத்து-பேச்சு வழக்கு என்று வகை பிரித்து, வகைக்கு இத்தனை என்று ஒதுக்கிவிட்டால், பின்னால் எந்த வகையில் மாதிரி சறுக்குகிறது என்று பிழை வரம்போடு சொல்ல முடியும்.

கேட்பது இவ்வளவுதான்: அறிக்கையோடு ஒரு கோப்பு. வரிக்கு ஒரு கேள்வி. கேள்வி எண், பத்தி எண், சரியான விடை, மாதிரி சொன்ன விடை, நான்கு விடைகளுக்கும் அது கொடுத்த நிகழ்தகவு, எந்த ப்ராம்ப்ட், எத்தனையாவது ஓட்டம். 900 வரிக் கோப்பு ஒரு கைப்பேசிப் படத்தைவிடச் சிறியது. கேள்விகள் வெளியே கசிந்துவிடும் என்ற பயம் இருந்தால் கேள்வியின் வாசகத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போடலாம். மெக்நெமருக்கும் பூட்ஸ்ட்ராப்புக்கும் அதுவே போதும். பழைய மாதிரிகளின் பதில் கோப்புகள் உங்கள் வட்டில் எங்காவது கிடந்தால் அவற்றையும் ஏற்றிவிடுங்கள். மாதிரியை நிறுத்திவிட்ட பிறகு, புதியதை அதோடு கேள்விவாரியாக ஒப்பிட வேறு வழி கிடையாது.